தேவாலாவைக் காகிதத்தில் வாங்கியவர்கள்

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகப் பந்தலூருக்குப் போகும் சாலையில் இருக்கிறது தேவாலா. ஜூன் பிறந்துவிட்டால் அங்கே ரெயின்கோட் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வானிலைத் துறை வெளியிடும் தினசரி மழை அளவுகளைப் பாருங்கள். மாநிலத்திலேயே அதிக மழை பெய்த ஊர்களின் வரிசையில் தேவாலாவின் பெயர் அடிக்கடி வரும்.

அந்த ஊரில் ஒருவர், மே மாதக் கடைசியில், கைபேசியில் ரெயின்கோட் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்தில் கண் நிற்கிறது. இளைஞன் ஒருவன் கொட்டும் அருவிக்கு அடியில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். விலை 600 ரூபாய். பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில், ‘இன்னும் 2 மட்டுமே மீதம்’. விரல் தானாகப் போய் அழுத்துகிறது. ஐந்தாம் நாள் கொரியர்காரர் பார்சலை நீட்டுகிறார். நிறம் கொஞ்சம் வேறு, துணி கொஞ்சம் மெலிசு. பரவாயில்லை என்று போட்டுக்கொண்டு தேயிலைக் காட்டு வழியில் அரை மணி நேரம் நடக்கிறார். தோள்பட்டைத் தையல் வழியாகக் குளிர்ந்த நீர் முதுகில் இறங்குகிறது. வீடு திரும்பியதும் அவர் சொல்லும் முதல் வார்த்தை: “ஏமாந்துட்டேன்.”

இந்த வார்த்தையைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். எதிர்பார்த்தது நடக்காவிட்டாலும் நமக்கு ஏமாற்றம். ஒருவர் நம்மை வஞ்சித்தாலும் ஏமாற்றம். தமிழில் இரண்டுக்கும் ஒரே வேர். அதனால்தான் மனம் ஏமாறும்போதெல்லாம் ஏமாற்றியவன் யார் என்று தேடுகிறோம். பல நேரம் அப்படி ஒருவன் இருக்கவே செய்கிறான். ஆனால் யாருமே ஏமாற்றாமலும் ஏமாற்றம் வரும், கணக்குப்படி வந்தே தீரும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் செய்தி. அதைப் புரிந்துகொள்ள தேவாலாவைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இன்று தேவாலாக்காரர் உலகத்தைப் படம் பார்த்து வாங்குகிறார். 140 ஆண்டுகளுக்கு முன்பு உலகம் தேவாலாவை அப்படித்தான் வாங்கியது.

லண்டனில் விற்ற மலை

தேவாலா, பந்தலூர், சேரம்பாடி எல்லாம் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877இல்தான் நீலகிரி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே குறும்பரும் பணியரும் அங்குள்ள ஓடை மணலை மரத்தட்டில் அலசித் தங்கத் துகள் எடுத்துவந்தார்கள். தங்கம் இருப்பது யாருக்கும் புதிய செய்தி இல்லை. எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி.

1874இல் ஆல்ஃபா என்ற கம்பெனி தேவாலா அருகே பாறையை உடைக்கத் தொடங்கியது. 1879இல் இந்திய அரசு ராபர்ட் பிரௌ ஸ்மித் என்பவரை வரவழைத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையை நடத்திய அனுபவசாலி. அவர் மலையெங்கும் சுற்றி, தங்கம் பொதிந்த வெண்படிகக்கல் வரிகளை எண்ணி, மாதிரிகளைச் சோதித்து, நம்பிக்கையூட்டும் அறிக்கை ஒன்றைத் தந்தார். லண்டன் பங்குச் சந்தைக்கு அது போதுமானதாக இருந்தது. 1879 கடைசியிலிருந்து 1881க்குள் இந்தியத் தங்கத்துக்காக இங்கிலாந்தில் 41 கம்பெனிகள் தொடங்கப்பட்டன. அறிவித்த முதலீடு சுமார் 50 லட்சம் பவுன். அவற்றில் 33 கம்பெனிகள், சுமார் 40 லட்சம் பவுன், வயநாட்டுப் பக்கத்துக்கு.

பங்கு வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் தேவாலாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்கள் கையில் இருந்தது அச்சடித்த விளம்பரத் தாள். அதில் மாதிரிக் கல்லின் சோதனை முடிவு இருக்கும், நிபுணரின் பெயர் இருக்கும், தோட்டத்தின் வர்ணனை இருக்கும். நிலத்தை விற்றவர்களோ காபித் தோட்டக்காரர்கள். இலைத்துரு நோயும் தண்டுத் துளைப்பானும் காபியை அழித்துக்கொண்டிருந்த நேரம் அது. சாகும் தோட்டம் ஒரே இரவில் தங்க வயலாகி நல்ல விலைக்குப் போனது. திரட்டிய பணத்தில் பெரும்பகுதி நிலத்துக்கே கரைந்தது.

பந்தலூரில் தந்தி அலுவலகத்தோடு ஒரு சிற்றூர் முளைத்தது. கல்லை இடிக்கும் இயந்திரங்கள் கப்பலில் வந்து, மாட்டு வண்டிகளில் மலை ஏறின. உலக்கை மாதிரியான இரும்புத் தூண்கள் பாறையை மாவாக இடித்தன. மாவைப் பாதரசம் பூசிய தகட்டின் மேல் ஓடவிட்டார்கள். கிடைத்த தங்கம் இடித்த கூலிக்கும் கட்டவில்லை. ஓரிரு ஆண்டுகளிலேயே பங்குகள் செல்லாக் காகிதமாயின. 1901இல் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஹேடனும் ஹேட்சும் முழுதாக ஆராய்ந்து எழுதிய அறிக்கை, இங்கே லாபமாகச் சுரங்கம் தோண்ட வழியில்லை என்ற முடிவுக்கு வந்தது. பழைய சுரங்க வாய்கள் இன்றும் புதருக்குள் திறந்து கிடக்கின்றன. அனுமதியில்லாமல் அவற்றுக்குள் இறங்கித் தோண்டுகிறவர்களும் இன்றும் உண்டு. மண் சரிந்து உயிர் போன செய்திகளும் வந்திருக்கின்றன.

இதில் மோசடி உண்டா? உண்டு. ஆனால் எல்லாமே மோசடி என்று மூடிவிட்டால் பாதிக் கதைதான் தெரியும். பிரௌ ஸ்மித் கற்பனைத் தங்கத்தை எழுதவில்லை. அவர் சோதித்த கற்களில் தங்கம் இருந்தது. பிறகு எங்கே தவறியது?

குரங்கும் கீரையும்

முதலில் ஏமாற்றம் என்ற உணர்வையே பார்ப்போம். 1928இல் கலிஃபோர்னியாவில் டிங்கில்பா என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். குரங்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கிண்ணத்துக்கு அடியில் வாழைப்பழத்தை வைத்தார். பிறகு ஒரு திரையால் மறைத்து, பழத்தை எடுத்துவிட்டு லெட்யூஸ் கீரையை வைத்தார். குரங்கு ஓடி வந்து கிண்ணத்தைத் தூக்குகிறது. கீரையைப் பார்க்கிறது. தொடவில்லை. கிண்ணத்தைச் சுற்றித் தேடுகிறது, அடியில் தேடுகிறது, சில நேரம் அங்கிருப்பவர்களைப் பார்த்துக் கத்துகிறது. அதே குரங்கு மற்ற நாட்களில் அந்தக் கீரையை மறுக்காமல் தின்னும். கீரையில் குற்றமில்லை. வாழைப்பழத்தை எதிர்பார்த்த பிறகு வந்ததுதான் கீரையின் குற்றம்.

இதை அளந்து காட்டியவர் லியோ கிரெஸ்பி. 1942இல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஒரு நீண்ட பாதையின் முடிவில் எலிகளுக்கு உணவு வைக்கப்பட்டது. சில எலிகளுக்கு 256 துணுக்குகள், சிலவற்றுக்கு எப்போதும் 16. பிறகு 256 வாங்கிப் பழகிய எலிகளுக்கும் 16 ஆக்கினார். அவை, ஆரம்பத்திலிருந்தே 16 மட்டும் வாங்கிய எலிகளைவிட மெதுவாக ஓடின. கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் ஒன்று முன்பு பெரிதாக வாங்கியது.

மூளைக்குள் இது எப்படி நடக்கிறது என்பது 1997இல் தெளிவானது. வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேகு மூவரும் வெளியிட்ட கட்டுரை அது. நடு மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புச் செல்கள் இருக்கின்றன. குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் அவை படபடவென்று துடிக்கின்றன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழக்கிவிட்டால், துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிடுகிறது. சாறு வரும்போது அசைவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வந்திருக்க வேண்டிய அதே நொடியில் அந்தச் செல்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே விழுகிறது. சாறு எவ்வளவு என்பதை அவை சொல்வதில்லை. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இடையிலான வித்தியாசத்தைச் சொல்கின்றன. இந்த வழியில் செய்த ஆய்வுகளுக்காக ஷுல்ட்ஸும் டயானும், ரே டோலனோடு சேர்ந்து, 2017இல் மூளை ஆய்வுக்கான பிரெய்ன் பரிசைப் பெற்றார்கள்.

‘உங்கள் பார்சல் இன்று வருகிறது’ என்ற குறுஞ்செய்தி நமக்கு அந்த விளக்கு. சந்தோஷத்தை நாம் அங்கேயே செலவழித்துவிடுகிறோம். பெட்டியைத் திறக்கும்போது உள்ளே இருப்பது படத்தைவிட நன்றாக இருந்தால்தான் இன்னொரு துள்ளல். சரியாகப் படத்தில் இருந்தபடியே இருந்தால் ஒன்றும் இல்லை. கொஞ்சம் குறைந்தாலும் சரிவு. விற்பவர்களோ, படத்தை எந்த அளவுக்கு அழகாக்க முடியுமோ அந்த அளவுக்கு அழகாக்குகிறார்கள். ஒரு பொருளை விற்பதற்காகச் செய்யும் வேலையே, அது வந்து சேரும்போது உண்டாகும் பள்ளத்தையும் தோண்டுகிறது.

ஐந்து பகடைகள்

இனி கணக்கு. இதற்கு விற்பவரின் பொய் தேவையில்லை, படத்தின் அழகும் தேவையில்லை. ஐந்து லூடோ பகடைகள் போதும்.

ஐந்தையும் சேர்த்து உருட்டுங்கள். எதில் பெரிய எண் விழுந்ததோ அதை ‘சிறந்த பகடை’ என்று தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் 5 அல்லது 6 இருக்கும். இதையே பல முறை செய்து சராசரி எடுத்தால் 5.4 வரும். இப்போது அந்தச் சிறந்த பகடையை மட்டும் எடுத்து மறுபடி உருட்டுங்கள். அதன் சராசரி 3.5தான். எல்லாப் பகடைக்கும் சராசரி 3.5தானே! ஆக, 5.4 என்று நம்பி எடுத்தது 3.5 ஆகிறது. யாரும் பகடையில் ஈயம் ஊற்றவில்லை. பலவற்றில் சிறந்ததாகத் தெரிந்ததை எடுத்தோம், அவ்வளவே. பத்துப் பகடை உருட்டினால் ‘சிறந்தது’ 5.8 காட்டும். மறுபடி உருட்டினால் அதே 3.5. தேர்வு கூடக் கூட ஏமாற்றமும் கூடுகிறது.

கைபேசியில் ரெயின்கோட் என்று தட்டினால் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டுகின்றன. ஒவ்வொன்றின் மதிப்பெண்ணிலும் இரண்டு கலந்திருக்கின்றன. ஒன்று, பொருளின் உண்மையான தரம். மற்றது, தற்செயல்: படம் எடுத்தவரின் திறமை, நல்ல வெளிச்சம், மதிப்பிட்ட முதல் பத்துப் பேர் விற்பவரின் உறவினராக இருந்தது. நாம் உச்சியில் இருப்பதை எடுக்கும்போது, தரம் உயர்ந்ததை மட்டும் எடுப்பதில்லை; தற்செயல் உச்சத்தில் இருந்ததையும் சேர்த்து எடுக்கிறோம். தரம் பார்சலில் வருகிறது. தற்செயல் வருவதில்லை.

1971இல் ஒரு அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூவர், கேப்பன், கிளாப், கேம்பல், இதைத் தங்கள் தொழிலில் கண்டுபிடித்தார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் நிலம் ஏலம் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த லாபம் பார்க்கவில்லை. காரணம் எளிமையானது. பத்துப் பேர் ஒரே நிலத்தை மதிப்பிட்டால், மிக அதிகமாகக் கூட்டி மதிப்பிட்டவருக்கே ஏலம் படியும். ‘வென்றவரின் சாபம்’ என்று அதற்குப் பெயர் வந்தது. 2006இல் ஜேம்ஸ் ஸ்மித்தும் ராபர்ட் விங்க்ளரும், ஏலமே வேண்டாம், ஒருவர் தனியாக உட்கார்ந்து பலவற்றில் சிறந்ததைத் தேர்ந்தாலே சாபம் பிடிக்கும் என்று நிறுவினார்கள்.

இப்போது தேவாலாவுக்குத் திரும்புங்கள். மலையில் நூற்றுக்கணக்கான கல்வரிகள். விளம்பரத் தாளில் ஏறுவது எந்தக் கல்? நன்றாகத் தேறிய கல். தங்கத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. ஒரு டன் பாறையில் 10 கிராம் தங்கம் இருந்தாலே அது நல்ல தாது. அப்படியென்றால் ஒரு கிலோ கல்லில் 10 மில்லிகிராம், ஏறக்குறைய அரை அரிசிமணியின் எடை. தங்கம் கனமானது என்பதால் அந்தத் துகள் கடுகைவிடச் சிறியது. அந்த ஒரு துகள் உங்கள் மாதிரியில் அகப்பட்டால் மலையே தங்கம். பக்கத்துக் கல்லுக்குள் போய்விட்டால் மலையில் ஒன்றுமில்லை. இந்தத் தள்ளாட்டத்தைச் சமாளிக்கும் கணிதத்தைத் தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிஜ் தொடங்கியது 1951இல். லண்டன் முதலீட்டாளர்களுக்கு 70 ஆண்டு தாமதம்.

மழைக்கும் இதில் பங்கு உண்டு. தங்கம் பெரும்பாலும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமத்துக்குள் ஒளிந்திருக்கும். அதிகம் மழை பெய்யும் வெப்ப நாடுகளில், மேல்மண்ணில் அந்தக் கனிமம் துருப்பிடித்துக் கரைந்து போக, கரையாத தங்கம் மட்டும் விடுபட்டுத் தங்கும். மேலே எடுத்த மாதிரியில் தங்கம் அதிகமாகவும், பாதரசத்தில் சுலபமாக ஒட்டுவதாகவும் இருக்கும். இன்னும் ஆழத்துக்குப் போனால் அது மறுபடி கனிமத்தின் பிடியில். அட்டைப்படம் அழகு, உள்ளே வேறு. இதை எந்த மனிதரும் திட்டமிடவில்லை. மழை செய்த வேலை.

படத்தில் வராத தையல்

1970இல் ஃபிலிப் நெல்சன் என்ற பொருளாதார அறிஞர் பொருட்களை இரண்டாகப் பிரித்தார். வாங்குமுன் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடியவை ஒரு வகை. புடவையின் நெசவும் நாற்காலியின் உறுதியும் அப்படி. பயன்படுத்தினால் மட்டுமே தெரிபவை மறு வகை. டப்பாவில் அடைத்த மீனின் ருசி அதற்கு உதாரணம். கடையில் நாம் செய்வதையெல்லாம் யோசியுங்கள். துணியை விரலுக்கு இடையில் தேய்க்கிறோம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறோம். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் நிறம் பார்க்கிறோம். இணையம் இந்த விரலைத் துண்டித்துவிட்டது. முதல் வகைப் பொருளையெல்லாம் இரண்டாம் வகைக்குத் தள்ளிவிட்டது. புடவையையும் இப்போது டப்பா மீன் போலத்தான் வாங்குகிறோம்.

நிறத்தையே எடுத்துக்கொள்வோம். 2015 பிப்ரவரியில் ஒரு கவுனின் படம் உலகத்தை இரண்டாகப் பிளந்தது. பலருக்கு அது வெள்ளையும் பொன்னிறமும், வேறு பலருக்கு நீலமும் கறுப்பும். உண்மையில் அது நீலமும் கறுப்பும். கண்ணுக்கு வருவது துணியின் நிறம் மட்டுமல்ல, துணியும் அதன் மேல் விழுந்த வெளிச்சமும் சேர்ந்த கலவை. மூளை வெளிச்சத்தை ஊகித்துக் கழித்துவிட்டு மிச்சத்தை நிறம் என்கிறது. படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற தடயம் இல்லாவிட்டால் ஊகம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவரும் பொய் சொல்லாமலே நிறம் மாறிவிடும்.

அளவும் அப்படித்தான். பக்கத்தில் ஒரு கையோ நாணயமோ இல்லாத படத்தில் குடமும் குங்குமச் சிமிழும் ஒன்று.

நம் ரெயின்கோட்டுக்கு வருவோம். துணியின் நீர் தாங்கும் திறனை அளக்க ஆய்வகத்தில் ஒரு முறை உண்டு. துணியை இறுக்கிப் பிடித்து, அதன் ஒரு பக்கம் நீரின் அழுத்தத்தை மெல்ல உயர்த்துவார்கள். மறுபக்கம் மூன்று இடத்தில் துளி எட்டிப்பார்க்கும்போது அழுத்தத்தைக் குறித்துக்கொள்வார்கள். எத்தனை மில்லிமீட்டர் உயர நீரை அந்தத் துணி தாங்கியது என்பதுதான் அதன் எண். ஆனால் கோட் என்பது துணி மட்டுமல்ல. தையல் ஊசி ஒவ்வொரு குத்தலிலும் ஒரு துளை போடுகிறது. துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உட்பக்கம் தையல் மேல் பட்டை ஒட்டிச் சூடேற்றி அடைக்காவிட்டால், தோளில் வரிசையாக நூற்றுக்கணக்கான ஓட்டைகள். தோட்டத்தில் முதுகில் சுமை வைத்து நடப்பவருக்கு அந்த இடத்தில்தான் அழுத்தம் அதிகம். அருவிக்கு அடியில் சிரித்த இளைஞனின் படம் இதில் எதையும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. உட்பக்கத் தையலின் படம் ஒன்று போட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

அரிசியில் கல்

இதுவரை பொய் இல்லாத ஏமாற்றம். பொய்யும் சேர்ந்தால் என்ன ஆகும்?

ஜார்ஜ் அகெர்லாஃப் 1967இல் இந்தியாவுக்கு வந்து ஓராண்டு இருந்தார். 1970இல் அவர் வெளியிட்ட கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியது. மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001இல் அதற்காகவே நோபல் கிடைத்தது. அந்தக் கட்டுரையில் நம் வீட்டுச் சமையலறையும் இருக்கிறது. அரிசியில் வேண்டுமென்றே கலந்த, அதே நிறமும் வடிவமும் கொண்ட கல்லைப் பொறுக்கும் இந்தியப் பெண்களைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார்.

அவர் சொன்னது இது. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் சராசரித் தரத்துக்கான விலையே தருவார். நல்ல பொருள் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது. அவர் சந்தையை விட்டு விலகுவார். சராசரி இன்னும் கீழே இறங்கும். விலையும் இறங்கும். கடைசியில் கழிசடை மட்டும் மிஞ்சும். பட்டையொட்டித் தைத்த கோட்டை 1,400 ரூபாய்க்கு விற்க நினைப்பவர், படத்தில் அதே மாதிரித் தெரியும் 600 ரூபாய்க் கோட்டோடு போட்டியிட முடியாது. தேவாலாவில் நோய் பிடித்த காபித் தோட்டத்தின் நிலைமை தெரிந்தவர் விற்றவர் ஒருவரே. லண்டனில் வாங்கியவருக்குத் தெரிந்தது விளம்பரத் தாள் மட்டும்.

நட்சத்திர மதிப்பெண் இதற்கு மருந்தாக வந்தது. பாதி மருந்துதான். ரொம்பப் பிடித்தவர்களும் ரொம்பக் கோபப்பட்டவர்களும் எழுதுகிறார்கள். சுமாராக இருந்தது என்பவர் எழுத உட்காருவதில்லை. அதனால் ஐந்திலும் ஒன்றிலும் குவியல், நடுவில் பள்ளம். இரண்டாவது, எத்தனை பேர் எழுதினார்கள் என்பது. எட்டுப் பேர் தந்த 4.9ஐவிட இரண்டாயிரம் பேர் தந்த 4.3 நம்பத்தக்கது. எட்டுப் பேர் என்பது ஒரு கைப்பிடிக் கல். ஒரு துகள் அகப்பட்டால் எல்லாம் தங்கமாகத் தெரியும்.

மற்ற பாதி மருந்து சட்டம். நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள் 2020 ஜூலையில் வந்தன. பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. வாங்கியவர் வேடத்தில் விற்பவரே மதிப்புரை எழுதக் கூடாது. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள், ‘இன்னும் 2 மட்டுமே’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதையும் தடை செய்தன. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தேவாலாக்காரருக்கு அது உதகமண்டலம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்குக்கு முன்பு 1915 என்ற எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். 1881இல் பங்கு வாங்கியவருக்கு இந்த வசதி ஒன்றும் கிடையாது.

குன்னூரின் கோப்பை

இதே மாவட்டத்தில், நேரில் பார்க்காத சரக்கைத் திரையில் பார்த்து வாரம்தோறும் பெரிய அளவில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். குன்னூர் தேயிலை ஏலம் 1963இல் தொடங்கியது. இன்று ஏலம் கணினித் திரையில்தான். தேவாலா, பந்தலூர் பக்கத்துத் தொழிற்சாலைகளின் தூளும் அங்கே போகிறது. ஆனால் பார்சலைப் பிரித்து “ஏமாந்துட்டேன்” என்று யாரும் அங்கே தலையில் கை வைப்பதில்லை.

காரணம், ஏலத்துக்கு முன்பே மாதிரி போய்விடுகிறது. தரகர் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் மாதிரி எடுத்து வாங்குபவர்களுக்கு அனுப்புகிறார். அவர்கள் வரிசையாகக் கோப்பைகளை வைத்து ஊற்றி, உறிஞ்சி, துப்பிப் பார்க்கிறார்கள். தேநீர் சுவைபார்க்க சர்வதேசத் தரநிலையே ஒன்று உண்டு: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். எல்லாத் தூளுக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். அதனால் ஒப்பிட முடிகிறது. பச்சைத் தேயிலை தரும் சிறு விவசாயிக்கு நியாயமான விலை கிடைக்கிறதா என்பது வேறு வழக்கு. வாங்குபவர் ஏமாறாமல் இருக்கும் வழியைக் குன்னூர் கண்டுபிடித்து 60 ஆண்டு ஆகிறது: சரக்கின் படத்தைக் காட்டாதே, சரக்கில் ஒரு சிட்டிகை அனுப்பு.

நமக்கு யாரும் சிட்டிகை அனுப்பப் போவதில்லை. ஆனால் அதற்கு நெருக்கமானதைத் தேடலாம். வாங்கியவர்கள் தாங்களே எடுத்துப் போட்ட மங்கலான படங்கள் விற்பவரின் பளபளப்பான படத்தைவிட மதிப்புள்ளவை. ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் தாண்டி, மூன்று நட்சத்திரக்காரர் எழுதியதைப் படியுங்கள். நிதானமாக எழுதுகிறவர் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார். தையல், எடை, அளவு என்று எண்ணில் சொல்லக்கூடியதைக் கேளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். திருப்பி அனுப்பும் கடைசி நாளை வாங்குமுன்னே பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேல், நூறில் சிறந்ததாகத் தெரிவதை எடுக்கும்போது, கையில் இருப்பது ஆறு விழுந்த பகடை என்பதை நினைவில் வைத்து, எதிர்பார்ப்பில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த 41 கம்பெனிகளில் வயநாட்டுக்குப் போகாத சில, மைசூர் சமஸ்தானத்தின் கோலாருக்குப் போயின. அதே லண்டன், அதே மாதிரி விளம்பரத் தாள், அதே நிபுணர் மொழி. அங்கும் முதல் சில ஆண்டுகள் ஏமாற்றம்தான். ஆழமாகத் தோண்டிய பிறகு தங்க வரி கிடைத்தது. 2001இல் மூடப்படும்வரை கோலார் 800 டன்னுக்கு மேல் தங்கம் தந்தது. காகிதத்தை வைத்துத் தேவாலாவையும் கோலாரையும் பிரித்துப் பார்த்திருக்க யாராலும் முடியாது.

தேவாலாவில் தங்கம் இல்லை என்று சொல்வது தவறு. இருக்கிறது. விளம்பரத் தாளில் இருந்த அளவுக்கு இல்லை.